பாப்பி நாற்றும் அடைக்கோழிக் கூடையும்

ஏசுபாதம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வேறு வேலை கிடைத்ததும் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குவதில்லை. பாதாளத்தில் மரம் முட்டுக் கொடுத்துக் கொடுத்து முதுகு வளைந்தது போதும். சுரங்கத்தை மேய்க்கும் கேப்டன் துரையின் பங்களாவில் தோட்ட வேலை காலி. துரைசாணி ஒரு பொட்டலம் பாப்பி விதை கொடுத்து, "இது பூத்தால் வேலை உனக்கு" என்று சொல்லியிருந்தாள்.

விதை கசகசா போலப் பொடிப்பொடியாக இருந்தது. கொல்லையில் பாத்தி கட்டித் தூவினார். கையோடு கட்டளையும் போட்டார்.

"ரத்தினம்மா, இந்தப் பக்கம் கை வெக்கக்கூடாது. தெரிஞ்சுதா?"

"எனக்கு வேற வேலையில்லையா? உங்க துணிய தோய்ச்சாலே பாதி சுரங்கம் தண்ணியில கரையுது."

நாற்று விரல் உயரம் வந்தது. ஒன்றைப் பிடுங்கி வாசலில் நட்டுப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் அது தலை சாய்த்தது. அவர் பார்க்கவில்லை. ரத்தினம்மா பார்த்தாள்.

"இன்னாங்க, இது எடம் மாத்தினா பொழைக்காது போலகீது. பொறந்த எடத்துலயே உட்டுடுங்களேன்."

"எனக்கே சொல்றியா? ஆர்க்காட்டுல எங்க தாத்தா நட்ட நெல்லத்தான் நவாப்பு துன்னான். நாத்துன்னா புடுங்கணும், நடணும். பங்களாக்காரங்க கண்ணுல படற மாதிரி வாசல்ல வரிசையா நிக்க வேணாமா?"

ரத்தினம்மா வாதாடவில்லை. வாதாடாத மனைவியைக் கண்டால் புத்தியுள்ள புருஷன் பயப்படுவான். இவர் மகிழ்ந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கொல்லைக்குப் போனால், பாத்தியின் மூலையில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது.

"இது இன்னாடி?"

"கோழி அடை ஒக்காந்துகீது. தொட்டீங்க, கண்ணைக் கொத்திடும்."

தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பாதாளத்துக்கு இறங்குகிற வீரருக்குக் கோழி என்றால் நடுக்கம். கூடையை விட்டுவிட்டு மீதியெல்லாம் பிடுங்கினார். நெல் நாற்றைக் குதிகாலில் அடித்து மண் உதறுவார்களே, அதே பாணியில் பாப்பியையும் அடித்தார். வேரில் பாதி அங்கேயே போயிற்று. மிச்சத்தை வாசலில் வரிசை பிடித்து நட்டார். மத்தியானத்துக்குள் அத்தனையும் படுத்துவிட்டன.

"வெயிலுக்குப் படுத்துகீது. எழுந்துக்கும்."

"எப்போ, மூணாம் நாளா?"

எழவில்லை. அந்த வெட்கத்தில் ஏசுபாதம் கொல்லைப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டார். அடைக்கோழியோ, அவர் ஷிப்டுக்குப் போனதும் எழுந்தது, வந்ததும் உட்கார்ந்தது. செடி கூடையை முட்டும் அளவுக்கு வளர்ந்ததும் அடை முடிந்துபோயிற்று. குஞ்சு எங்கே என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

தை மாதத்தில் ஒரு காலை, கொல்லை மூலை செக்கச் செவேலென்று பூத்துக் கிடந்தது. பார்த்தவர் ஒரே ஓட்டமாகப் போய்த் துரைசாணியை அழைத்து வந்துவிட்டார்.

"நான் வளத்ததும்மா!"

"எப்படி நட்டாய்?" என்று துரைசாணி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

ஏசுபாதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பூத்த செடி ஒன்றை வேரோடு பிடுங்கி, குதிகாலில் பளார் பளார் என்று அடித்துக் காட்டினார். இதழெல்லாம் உதிர்ந்தது. துரைசாணி அலறினாள்.

ரத்தினம்மா அடுப்படியிலிருந்து மெதுவாக எட்டிப் பார்த்தாள். "இத்தையெல்லாம் நான் எடம் மாத்தவேயில்லீங்கம்மா. வெதச்ச எடத்துலயே உட்டுட்டேன்."

வேலை ரத்தினம்மாவுக்குப் போயிற்று.

சாயங்காலம் ஏசுபாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கே பாவமாகிவிட்டது.

"மூஞ்ச தூக்கிக்காதீங்க. கெஞ்சிக் கூத்தாடி ஒங்களுக்கும் அங்கயே வேலை வாங்கிட்டேன். இனிமே சுரங்கம் வேணாம்."

"நெஜமாவா?" துள்ளி எழுந்தார். "இன்னா வேலை?"

"எனக்குத் தண்ணி மொண்டாந்து தரணும். பங்களா கேட்டு வரைக்கும்தான். செடிங்க கண்ணுல நீங்க படவே கூடாதுன்னு துரைசாணி கண்டிப்பா சொல்லிட்டாங்க."