முதல் பக்கம் மட்டும்

மனைவி றுக்கியாவின் பஸ் நாலு மணிக்குப் புத்தளத்தை விட்டுக் கிளம்பும். ஐந்தரைக்குக் குறிஞ்சிப்பிட்டியில் இறங்குவாள். அதற்குள் தன் மானத்தைக் காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்து, சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார் ஹயாத்து முகம்மது.

மானம் இருந்த இடம் ஒரு பழைய சீடி. அதில் 'காணி எல்லை' என்று ஒரு கோப்பு. மன்னாரில் விட்டுவந்த காணியின் நாலு எல்லையும் அதன் முதல் பக்கத்தில் இருந்தன. றுக்கியாவின் வாப்பா மௌத்தாகுமுன் சொல்லச் சொல்ல இவர் தட்டியது. யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகிக் காணிக் கந்தோர் அதிகாரிகள் இப்போது அந்த எல்லைகளைக் கேட்கிறார்கள். அதில் ஒரு வில்லங்கமும் இல்லை. வில்லங்கம் இரண்டாம் பக்கத்தில் தொடங்கியது.

இரண்டு முதல் நாற்பத்தேழு வரை, மனைவியைப் பற்றி மனுஷன் ஒளித்து எழுதிய முறைப்பாடுகள். திகதி போட்டு, நேரம் போட்டு எழுதியவை. காணி என்று பெயர் வைத்தால் எந்தப் பெண் திறந்து பார்ப்பாள் என்பது அன்றைய கெட்டித்தனம். இரண்டாயிரமாம் ஆண்டோடு எழுத அலுத்துவிட்டது. பிறகு உப்புக் காற்றில் அந்த நாள் கணினி துருப்பிடிக்கத் தொடங்கியதும், கோப்பைத் திறந்து பாராமலே சீடியில் இறக்கி வைத்தார்.

மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய புது லெப்டொப்பில் அந்தக் கோப்பு கோழி கிண்டிய முற்றமாகத் தெரிந்தது. தட்டிய தமிழ் மென்பொருளோ, விண்டோஸ் 98ஐ விட்டு ஓர் அடியும் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ரிஷாதுட கொமியுனிகேஷன் கடையில குடுப்பம். அவன் திறந்து தருவான்," என்றாள் றுக்கியா, திங்கட்கிழமை.

ரிஷாத் திறந்தால் ஊரே வாசிக்கும். அவன் ஏற்கெனவே இவரைக் கண்டாலே ஏனோ சிரிக்கிறவன்.

"ஒருத்தன்ட உதவியும் வேணாம்! நானே திறப்பன்!"

"ஏலுமா உங்களால?"

"ஏலுமாவா? பாத்துக்கொண்டிரு!"

தேடித் தேடி அவர் கண்டுபிடித்தது ஓர் எமுலேட்டர். புதுக் கணினிக்குள்ளே ஒரு பழைய கணினியை நடிக்க வைக்கும் மென்பொருள். நடிப்புக் கணினிக்கும் ஒரு டிஸ்க் ஒதுக்கி, அதை ஃபோமட் பண்ணி, விண்டோஸ் 98ஐ ஏற்ற வேண்டும். செவ்வாயும் புதனும் மூன்று தரம் நடுவழியில் நின்றுபோயிற்று. இன்று வியாழன். றுக்கியா புத்தளத்தில் உடன்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள். முதல் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, சீடியை உடைத்துக் களப்புத் தண்ணீரில் எறிவது. இதுதான் திட்டம்.

'இன்னும் முப்பத்தைந்து நிமிஷம்' என்றது திரை. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தார். முப்பத்தைந்துதான். ஒரு கையின் நகம் முழுக்கக் கடித்து முடிந்தபோது மெல்ல நகர்ந்தது. பிறகு திடீரென்று நின்று, இருபத்தைந்து எழுத்துச் சாவி இலக்கத்தைக் கேட்டது.

அதை அன்றே அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் எழுதி வைத்த ஞாபகம். ஓடிப்போய்த் திறந்தார். உள்ளே பளபளவென்று பச்சைப் பெயின்ட். வேறு வழியில்லை. மனைவிக்குப் போனில் கோல் எடுத்தார்.

"றுக்கியா, அலுமாரிக்குள்ள பெயின்ட் அடிச்சது ஆரு?"

"நான்தான், பெருநாளைக்கு. என்ன, அந்த இருவத்தஞ்சு எழுத்தா?"

"உனக்கெப்படி..."

"மாசிக் கருவாட்டு டின் மூடிக்குள்ள எழுதி ஒட்டி வெச்சிரிக்கன். பாத்துத் தட்டுங்க, எட்டும் பீயும் ஒரே மாதிரி இரிக்கும்."

"இப்ப எங்க நிக்கிறாய்?"

"பாலாவி தாண்டிட்டன்."

மாசி வாசத்தோடு சாவியைத் தட்டினார். இயந்திரம் அணைந்தது, எழும்பியது, மீண்டும் அணைந்தது. ஒவ்வொரு தரமும் இவர் உயிரும் கூடவே போய் வந்தது. கடைசியில் அந்தப் பழைய பச்சை நீலத் திரை விரிந்தது. அல்ஹம்துலில்லாஹ்! தமிழ் மென்பொருளை ஏற்றினார். கோப்பை அழுத்தினார்.

கடவுச்சொல் கேட்டது.

உம்மாவின் பெயரைப் போட்டார். இல்லை. பிறந்த வருஷத்தைப் போட்டார். இல்லை. மன்னார் வீட்டு இலக்கம்? அதுவுமில்லை. நெற்றி வேர்வை விசைப்பலகையில் சொட்டியபோது கோல் வந்தது.

"நுரைச்சோலைக்கு வந்திட்டன். இப்ப கடவுச்சொல் கேட்டிரிக்குமே?"

"என்ன... என்ன கடவுச்சொல்?"

"ஓ. ஐ. சி. பொலிஸ் பெரியவர்ட பட்டம். எனக்கு வெச்சது நீங்கதானே, மறந்திட்டீங்களா?"

பஸ்ஸில் யாரோ சிரித்தது கேட்டது. ஹயாத்து முகம்மது தட்டினார். மூன்றே மூன்று எழுத்து. கோப்பு திறந்தது.

முதல் பக்கம், நாலு எல்லை. எழுதிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. நேரே இரண்டாம் பக்கம் போனார்.

'காலை 7.10. ஓ.ஐ.சி. தையல் கிளாஸுக்குப் போய் ஆறு மாசம். ஒரு தலையணை உறையைக் காணோம்.'

அதன் கீழே, அவர் எழுதாத சிவப்பு எழுத்தில்: 'போனது கொம்ப்யூட்டர் கிளாஸுக்கு.'

'பகல் 1.20. மீன் ஆணத்தில் இன்றும் உப்புக் கூட.'

'மூன்று கோப்பை சோறு சாப்பிட்டீங்க. எண்ணினேன்.'

'மாலை 5.00. மன்னாரை நினைத்துக் காரணமில்லாமல் அழுகிறாள்.'

'வாப்பா இல்லாத பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கதைக்க நீங்க மட்டும்தான் இருந்தீங்க. நீங்க தட்டிக்கொண்டே இருந்தீங்க.'

அந்த இடத்தில் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. சீடியை உடைக்க மறந்து நாற்பத்தேழாம் பக்கம் வரை வாசித்தார். கடைசி வரியில் வாசல் கடப்பு திறக்கும் சத்தம் கேட்டது. லெப்டொப்பைப் படக்கென்று மூடினார்.

றுக்கியா வந்து எதிரே உட்கார்ந்தாள். "திறந்திட்டீங்களா?"

"ஓம்... முதல் பக்கம் மட்டும்."

"அது இனித் தேவையில்ல. எல்லைப் பக்கத்த இண்டைக்குக் கந்தோர்ல குடுத்திட்டுத்தான் வாறன். ரெண்டாயிரத்து ஒண்டுலயே பிரிண்ட் எடுத்து வெச்சது."

"அப்ப என்னை ஏன் நாலு நாளா இந்தப் பாடு படுத்தினாய்?"

"நான் எழுதின பதில் பதினொரு வருஷமா வாசிக்க ஆளில்லாமக் கிடந்திச்சே."

ஹயாத்து முகம்மது தலையைக் குனிந்துகொண்டார். போகட்டும், வீட்டோடு போயிற்று, ஊருக்குத் தெரியவில்லை என்று ஒரு சின்ன ஆறுதல். பிறகு ஏதோ உறைத்துத் தலையை நிமிர்த்தினார்.

"றுக்கியா... பிரிண்ட் எங்க எடுத்தாய்?"

"வேற எங்க? ரிஷாதுட கடையிலதான். நாப்பத்தேழு பக்கமும்."