மூலைக்கு மூலை மடித்த ஓட்டு

நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன் விஷயத்தைத் தவறவிட மாட்டான் என்று பலரும் நம்புகிறார்கள். அது உண்மையல்ல என்பதற்கு நானே சாட்சி. நேரமும் கிழமையும் பிசகாமல் எழுதிவைத்து, விஷயத்தை மட்டும் கோட்டைவிட்டவன் நான்.

அறுபதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரி கடைத்தெருவில் என் தாய்மாமா செய்யது ராவுத்தருக்கு மிளகு, சுக்கு வியாபாரம். நகரசபையைக் காலம் முடியும் முன்பே கலைத்து, நடுவில் ஒரு தேர்தல் வைத்தார்கள். கலைந்த சபை எங்கள் கடைத்தெருவின் முகப்புகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தத் தீர்மானம் போட்டிருந்தது. அதைத் தடுக்கவேண்டுமென்று மாமா பன்னிரண்டு வருடம் வகித்த வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவியை விட்டுவிட்டு, தராசு சின்னத்தில் எங்கள் வார்டில் நின்றார். தோற்றால் கடை முகப்பும் போகும், தலைவர் நாற்காலியும் திரும்பக் கிடைக்காது.

எனக்கு அப்போது வயது இருபத்து நான்கு. மாமாவைப்போல நானும் பழமைவாதி. (இன்றும்தான், திருந்துவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.) வாரந்தோறும் படகேறி எறணாகுளம் போய், பிராட்வே பக்கம் இருந்த ஒரு வாசகசாலையில் அமெரிக்கப் பத்திரிகைகள் படிப்பேன். அந்த நாட்டில் ஜனாதிபதியின் பதவிக்காலத்தின் நடுவே, காங்கிரஸ் என்கிற அவர்கள் பாராளுமன்றத்துக்கு ஒரு தேர்தல் வரும். ஆளும் கட்சி அதில் பெரும்பாலும் இடம் இழக்கும். என்னைப் போன்ற பழமைவாதி ஒருவர் அதைப்பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். நடுத்தேர்தலில் எதிரியோடு வாதாடுவது வீண், மனம் மாறாதவனை மாற்றப் போகாமல் நம் ஆட்களை மட்டும் ஒருவர் விடாமல் சாவடிக்குக் கொண்டுபோனால் போதும் என்பது அதன் சாரம்.

மூன்று முறை படித்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வாஷிங்டனுக்குப் பொருந்தியது மட்டாஞ்சேரிக்குப் பொருந்தாதா?

மாமாவிடம் திட்டத்தை விளக்கினேன். கூட்டம் வேண்டாம், ஊர்வலம் வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மாமா சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"மோனே, ஓட்டுக் கேக்காம ஓட்டு எப்படி விழும்?"

"அமெரிக்காவுல விழுது மாமா."

"அவங்களுக்குக் கடைத்தெரு உண்டா?"

"உண்டு மாமா."

"அப்போ மதி, அது போதும்" என்றார்.

அடுத்து, நம் வாக்காளர்களுக்குப் பயிற்சி. முந்தின தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. சீட்டில் எதுவும் எழுதாமல் மடித்து, வேண்டியவர் பெட்டியில் போடவேண்டும். மாமாவின் கிட்டங்கியில் மூன்று பிஸ்கட் டின்களை வரிசையாக வைத்து, தராசு, சைக்கிள், விளக்கு என்று படம் ஒட்டினேன். மாமியின் தலைமையில் தெருப் பெண்களும், பிறகு ஆண்களும் வந்து பழகினார்கள். "மூலைக்கு மூலை வெச்சு மடிக்கணும். சீட்டுல ஒரு புள்ளி மை பட்டாலும் ஓட்டுச் செல்லாது. சீட்டைத் தவிர யார் என்ன கொடுத்தாலும் கையில வாங்கக்கூடாது. உள்ளேயும் வெளியேயும் வாய் தொறக்கக்கூடாது" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு நாளில் கண்ணை மூடிக்கொண்டு மடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

மாமாவின் மகள் ரஹ்மத்துக்கு அது முதல் ஓட்டு. தமிழைவிட மலையாளம் நன்றாகப் படிப்பாள்; பத்திரிகையைக்கூட மலையாளத்தில் பத்திரம் என்றுதான் சொல்வாள்.

"மச்சான், இந்தத் தடவை ஒரே பெட்டிதானாம். சீட்டுலயே எல்லாச் சின்னமும் இருக்குமாம். சீல் குத்தணும்னு பத்திரத்துல போட்டிருக்கு."

"எந்தப் பத்திரம்?"

பெயரைச் சொன்னாள்.

"அது அவங்க ஆளுங்க பத்திரம். நம்ம ஓட்டைச் செல்லாததாக்க ஒரு வித்தை" என்றேன். மாமியும், "படிச்ச பையன் சொல்றான்ல, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தாள்.

இரண்டு நாள் கழித்து சைக்கிள் கட்சியின் கோபிச் சேட்டன், துறைமுகத் தொழிலாளி, மாதிரிச் சீட்டும் ரப்பர் முத்திரையுமாகத் தெருவுக்கு வந்தார். யாருக்கு ஓட்டு என்பதைப் பேசவே இல்லை.

"ஜமாலே, ஓட்டு நீங்க ஆருக்கு வேணும்னாலும் போடுங்க. சீல் எப்படிக் குத்துறதுன்னு மாத்திரம் காட்டித் தரேன். ஒரு மினிட்டு மதி."

நான் புன்னகை செய்தேன். (அந்தப் புன்னகையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.) என் பின்னால் தெரு முழுக்கக் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. அந்தச் சத்தத்தை என் ராணுவத்தின் ஒழுங்கு என்று டைரியில் எழுதினேன்.

நகரசபை அறிவிப்பை நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அலுவலகப் பலகையில் நின்று பார்த்து, வாக்குப்பதிவு நாள், நேரம், சாவடி எண் எல்லாவற்றையும் பிழையில்லாமல் குறித்தேன். அது முதல் பத்தி. இரண்டாம் பத்தி நீளமாக இருந்தது; படிக்காமலே, "வழக்கமான விதிகள்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

வாக்குப்பதிவு நாள். காலை எட்டுக்கு மாமா முதல் ஆளாக ஓட்டுப் போட்டார். பிறகு எங்கள் தெரு ஒருவர் விடாமல் வந்தது. சாவடிக்கு வெளியே மேசை போட்டுப் பெயர்களை அடித்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த மாமி முகம் மலர்ந்து, "ஜெயிச்சாச்சுடா" என்று காதில் சொன்னாள். எப்படி என்று கேட்டதற்கு, "வாய் தொறக்கக்கூடாதுன்னு நீதானே சொன்னே" என்று நடந்துவிட்டாள்.

தளபதி கடைசியில்தான் ஓட்டுப் போடவேண்டும் என்பது என் திட்டம். நாலரை மணிக்கு உள்ளே போனேன். அதிகாரி நீளமான ஒரு சீட்டைக் கொடுத்தார். அதில் தராசு, சைக்கிள், விளக்கு மூன்றும் இருந்தன. கூடவே ஒரு முத்திரையை நீட்டினார். மூலையில் ஒரே ஒரு பெட்டி.

தராசின் மேல் குத்தி, சீட்டைப் பெட்டியில் போட்டேன். எங்கள் ஏஜெண்டு குஞ்ஞுமுகமது காக்கா (எனக்கு அண்ணன் முறை) சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாக்குப்பதிவு முடிந்து அவர் வெளியே வந்ததும், "காக்கா, காலையிலிருந்து பார்த்துட்டுத்தானே இருந்தீங்க! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"உள்ளே மூச்சு விடக்கூடாதுன்னு நீ சொன்னியே. நான் விட்டேனா?" என்றார் பெருமையாக.

வீட்டுக்கு ஓடினேன். மாமி நடந்ததைச் சொன்னாள். "ஒரே பெட்டிதான் இருந்துச்சு. மத்த ரெண்டு பேரும் பயந்து வெலகிட்டாங்கன்னு நெனச்சோம். சீட்டுல இருந்த படத்தை யாரு பார்த்தா, மடிக்கிறதுலதான் கண்ணு. ஆபீசரு என்னமோ கட்டையைக் கையில திணிக்க வந்தாரு. நாங்க தொடவே இல்லை."

மறுநாள் எண்ணிக்கை. மாமாவும் நானும் மேசையருகே நின்றோம். எதுவும் குத்தாத சீட்டுகள் தனியாகக் குவிந்தன. ஒவ்வொன்றும் மூலைக்கு மூலை வைத்து, பிசிறில்லாமல் மடித்தது. என் கையெழுத்தைப்போல என் மடிப்பும் எனக்குத் தெரியும். மாமா தோற்றது பத்தொன்பது ஓட்டில். அந்தக் குவியல் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். (சரியான எண் என் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுதக் கை வரவில்லை.)

மாமா என்னைத் திட்டவில்லை. குவியலைச் சுட்டிக்காட்டினார்.

"அதுல என்னோடதும் ஒண்ணு கிடக்குது மோனே" என்றார் மெதுவாக. "நல்லாத்தான் மடிச்சேன்."

அந்த மழைக்காலம் முடிந்ததும் கடைத்தெருவை இடித்தார்கள். மாமாவின் கடையில் ஆறடி போயிற்று. சங்கத்தில் வேறொருவர் தலைவரானார். மாமா கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தார். யாராவது பெரிய யோசனை சொன்னால் மட்டும் எழுந்து, "அறிவிப்பு முழுக்கப் படிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பழையதைக் காப்பாற்ற நினைப்பவன், புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை எதிரியைவிட முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கட்டுரையில் அது இல்லை; இருந்திருந்தாலும் நான் அதை வழக்கமான விதி என்று தள்ளியிருப்பேன்.

எங்கள் குடும்பத்தில் மாமாவுக்கு உருப்படியாக விழுந்த ஓட்டு இரண்டே இரண்டு. ஒன்று நாலரை மணிக்கு நான் குத்தியது. மற்றொன்று யார் பேச்சையும் கேட்காமல் ரஹ்மத் குத்தியது.

அவளையே எனக்குக் கட்டிக்கொடுத்தார் மாமா. அது மன்னிப்பா, காவலா என்று இன்றுவரை விளங்கவில்லை. வீட்டில் யாராவது பிரமாதமாகத் திட்டமிட்டு ஒரு காரியத்தைக் கெடுத்தால், பேரப்பிள்ளைகள்கூட, "மூலைக்கு மூலை மடிச்சாச்சா?" என்கிறார்கள். தேர்தல் நாள் காலையில் நான் சட்டை மாட்டும்போது உள்ளேயிருந்து ரஹ்மத்தின் குரல் வரும்.

"இந்தத் தடவை எப்படின்னு பார்த்தீங்களா?"

பார்த்திருப்பேன். இரண்டாம் பத்தியும் சேர்த்து.