இறக்குச் சாமியின் கைராசி

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இறக்குச் சாமி வந்து உட்கார்ந்ததிலிருந்து படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. மடிக்கு மடி ஆண் குழந்தை. விதைப்பைக்குள் இறங்காமல் மேலேயே தங்கிவிட்ட விதையை, கத்தியின்றி, பட்டுத் துணிக்கு மேலேயே தடவி இறக்கிவிடுவாராம். துணியை மட்டும் விலக்கக் கூடாது. விலக்கினால் இறங்கியது வெட்கப்பட்டு ஏறிவிடுமாம். அவ்வளவு கூச்ச சுபாவம்!

சில குழந்தைகளுக்கு இறங்கவும் செய்தது. குளிருக்கும் பயத்துக்கும் மேலே ஒதுங்கி, உடம்பு சூடானதும் தானே திரும்பும் வகை அது. புகழ் சாமிக்கு. இறங்காவிட்டால் பழி தாய் தகப்பனுக்கு, அவசரப்பட்டுத் துணியை விலக்கிப் பார்த்துவிட்டார்களாம்.

பூட்டுக் கடைக்காரரின் மகனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. இனித் தானாக இறங்காது, சின்ன ஆபரேஷன் போதும், தள்ளிப்போட்டால் விதை கெடும், பிற்காலத்தில் புற்றுநோய் அபாயமும் கூடும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். பூட்டுக் கடைக்காரர் காதில் விழுந்தது 'ஆபரேஷன்' மட்டும். மருத்துவமனை கொடுத்த தேதியை இரண்டு முறை தவறவிட்டு, மாடிக்கே நடையாய் நடந்தார்.

ஜவுளிக் கடையில் வேலை பார்த்த அவர் மனைவியோ, பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்த்தாள். பை காலி. கணவரிடம் சொன்னால், உனக்கு நம்பிக்கை போதாது என்றார்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "என்னங்க, ஒரே ஒரு தடவை நம்ம பிள்ளைக்குப் பதிலா என் தங்கச்சி குழந்தையைத் தூக்கிட்டுப் போவோம். சாமி கண்டுபிடிச்சிட்டா நான் இனிமே வாயே திறக்கல. கண்டுபிடிக்கலன்னா ஆபரேஷன்."

சாமி மேல் இருந்த நம்பிக்கையில் அவர் உடனே ஒப்புக்கொண்டார்.

துணியில் சுற்றிய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சாமி கண்ணை மூடித் தடவினார்.

"இடது பக்கம் வந்துடுச்சு. வலது கொஞ்சம் பிடிவாதம் பிடிக்குது."

பூட்டுக் கடைக்காரர் முன்னால் நகர்ந்தார். "சாமி, நல்லா பாத்துச் சொல்லுங்க."

"என் கை பொய் சொல்லாதுப்பா. இவன் உன்னை மாதிரியே மீசை முறுக்குவான்."

அவர் மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இது பொண்ணு சாமி."

சாமியும் லேசில் விடுகிற ஆளா? தன் சக்தியால் பெண்ணே ஆணாகிக்கொண்டிருந்ததாகவும், இவள் பேசிக் கெடுத்துவிட்டதாகவும் சொன்னார். அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பின்வரிசையில் ஒரு தாய்க்குச் சிரிப்பு பீறிட்டது. அது படிக்கட்டு முழுக்கப் பரவியது. தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். பட்டுத் துணி காலடியில் மிதிபட்டது.

அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பூட்டுக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெளியே வந்து, விதையை இறக்கிப் பைக்குள் தைத்தாயிற்று என்றதும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சாயங்காலமே பிள்ளை வீட்டுக்கு வந்து பால் கேட்டு ஊரைக் கூட்டினான்.

சாமி? அடுத்த தெருவில் வழுக்கைத் தலையில் முடி வரவழைக்கிறாராம். நல்ல கூட்டமாம். தலைக்கு மேலே முளைப்பது முளைக்கட்டும், ஐயா. உள்ளே ஏற்கெனவே இருக்கிறதே, அதை எப்போது பயன்படுத்தப் போகிறீர்கள்?