அத்தை அப்பிய மஞ்சளும் நின்றுபோன வேனும்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவளுக்கு, "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமை கிடையாது. பயிருக்கு எந்த மருந்து அடிப்பது, தபாலில் வந்த காகிதம் என்ன சொல்கிறது, ரேடியோ ஏன் கரகரக்கிறது, எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் சொல்லிவிடுவேன். (தெரிந்தால் சரியாக, தெரியாவிட்டால் சத்தமாக.)

திருப்பாச்சூரில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. பி.யூ.சி. முடித்த எனக்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியிலிருந்து ஸ்டோர்ஸ் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நைனா கறாராகச் சொல்லிவிட்டார்.

"வேலை கெட்ச்சா போ. கெடைக்கலன்னா தை மாசம் அத்த புள்ளைய கட்டிக்க."

அத்தை மகன் நல்லவன்தான். அத்தை எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். நானும் சேர்ந்து தலையாட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

பஸ்ஸில் போயிருக்கலாம். "நம்ப வேன் இருக்க சொல்லோ பஸ்ஸா?" என்று சித்தப்பா மார்தட்டினார். காய்கறி ஏற்றுவதற்காக அவர் வாங்கிய பழைய பெட்ரோல் வேன் அது. திருவள்ளூர் சந்தைக்குப் போய்வரும்வரை ஒழுங்காக ஓடும். தூரம் போனால் இஞ்சின் சூடேறி நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனாலோ சமர்த்தாக ஓடிக் காட்டும். இது திருஷ்டிதான் என்று முடிவுகட்டிய அத்தை, வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சளைக் குழைத்து, கை எட்டிய இடமெல்லாம் அப்பிக் குங்குமம் வைத்துவந்தாள்.

அன்று அத்தையும் ஏறிக்கொண்டாள். பெரியபாளையத்தில் அம்மனைக் கும்பிட வேண்டுமாம். (எனக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத்தான் என்பது என் தீர்மானம்.)

கும்பிட்டுப் புறப்பட்டு, பெரியபாளையம் தாண்டியதும் வேன் நின்றது.

"படிச்ச புள்ள, சொல்லேன். இன்னா கேடு வந்துச்சி இதுக்கு?" என்றாள் அத்தை.

நான் இறங்கி, புதுப் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, நடுரோட்டில் பாடம் எடுத்தேன். இஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்பைக் குளிரவைத்தால் சரியாகிவிடும். சைக்கிளில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். சித்தப்பாவின் துண்டை வாய்க்காலில் நனைத்து பம்பில் சுற்றினேன். போதாது என்று தோன்றியதால், அத்தையின் பையிலிருந்த மாற்றுப் புடவையையும் நனைத்துச் சுற்றினேன்.

"அடிப்பாவி! கோயிலுக்கு எத்துக்கினு வந்த பொடவடி அது!"

வேன் கிளம்பியது. பரிசு வாங்கியவள்போல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் நின்றது. இறங்கி பம்பைத் தொட்டுப் பார்த்தேன். பானைத் தண்ணீர்போல ஜில்லென்று இருந்தது. அப்படியானால் கோளாறு சூட்டில் இல்லை. என் கண்டுபிடிப்பை யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே அடக்கம் செய்தேன்.

"பேஜாரா பூட்ச்சே. பெட்ரோல்தான் தீந்துட்ச்சோ?" என்று முனகியபடி, குச்சி விட்டுப் பார்க்க சித்தப்பா டேங்க் மூடியைத் திறந்தார். உஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் பாதிக்குமேல் இருந்தது. சாவியைத் திருப்பியதும், காத்திருக்க வைக்காமல் இஞ்சின் உறுமியது. அத்தை உடனே மூடியை மூடி, அம்மனுக்கு நன்றியாக அதன்மேல் இன்னும் ஒரு கை மஞ்சளை அப்பினாள்.

கவரைப்பேட்டை வருவதற்குள் வேன் நின்றது.

"சித்தப்பா, மூடியத் தொறங்க!" என்று கத்திக்கொண்டே குதித்தேன். மறுபடியும் உஸ்ஸ். தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, மூடியில் காய்ந்து கிடந்த மஞ்சளைச் சுரண்டினேன். அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

"எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ ஊத்துமா அத்தே? காத்து உள்ள போவ இன்னொரு ஓட்ட வாணாமா? அந்த ஓட்டையத்தான் வாராவாரம் மஞ்ச அப்பி அடைச்சிக்கினு கீற நீ!"

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? என் பொடவைய ஏன்டி நனைச்ச?"

("அது பரிசோதனை" என்று சத்தமாகச் சொல்லிவைத்தேன்.)

கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகத்தில் கிரீஸ், கையில் மஞ்சள், புடவையெல்லாம் பெட்ரோல் வாடை. துணைக்கு அத்தையும் உள்ளே வந்தாள். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்டர்வியூ முடிஞ்சிடுச்சும்மா. ஆள் எடுத்தாச்சு. இது ஸ்டோர்ஸ் வேலை வேற. ஸ்பேர் பார்ட்ஸ் சமாசாரமெல்லாம் பொம்பளைங்களுக்குப் புரியாது."

கும்பிடு போட்டுத் திரும்பியிருந்தால் மரியாதையோடு போயிருக்கலாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வேன் நின்ற கதை முழுவதையும் சொன்னேன். அவர் வாய் திறந்தபோதெல்லாம், "இன்னும் முடியலை சார்" என்று அடக்கினேன். கடைசியில், "நீங்க எடுத்த ஆளைக் கூப்பிடுங்க. டேங்க் மூடியில ஓட்டை எதுக்குன்னு கேளுங்க. சொல்லிட்டார்னா நான் எழுந்து போயிடறேன்" என்றேன்.

அவர் அந்த ஆளைக் கூப்பிடவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

திரும்பும் வழியில் வேன் வெட்கமே இல்லாமல், ஓர் இடத்தில்கூட நிற்காமல் ஓடியது.

வாசலிலேயே நைனா கேட்டார். "கெட்ச்சிச்சா?"

"இல்ல நைனா."

"அப்ப தை மாசம்…"

"தையும் வாணாம், மாசியும் வாணாம்" என்று குறுக்கே பாய்ந்தாள் அத்தை. "அந்த ஆபீசரு மூஞ்சிய நீ பாக்கணுமே அண்ணே! ஒரு வார்த்த பேச வுடல இவ. என் ஊட்ல நான் ஒருத்திதான் பேசணும். என் புள்ளைக்கி வேற பொண்ணு பாத்துக்கறேன்."

அடுத்த இன்டர்வியூவுக்கு நான் பஸ்ஸில் போனேன். அதே தொழிற்பேட்டையில், வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும், பந்தியில் உட்கார்ந்ததும் அத்தை ஆரம்பித்துவிடுவாள். "ஒரு பெட்ரோல் மூடிதான் என் புள்ளையக் காப்பாத்துச்சி!"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பந்தியின் மறுமுனையிலிருந்து நான் குரல் கொடுப்பேன்.

"யாரக் காப்பாத்துச்சின்னு நல்லா விசாரிச்சிச் சொல்லு அத்தே!"