‘நான்’ வீட்டுக்கு இரண்டு லோடு

ஒழுங்கானவர்கள் தவறு செய்யமாட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். செய்வோம். ஆனால் அதையும் ஓரம் பிசகாமல் நேர்த்தியாகச் செய்வோம். அதனால் கண்டுபிடிக்க நேரமாகும், அவ்வளவுதான்.

அம்பத்தூரில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிறர் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. (வீட்டிலும் அதே வேலைதான் என்பார் என் கணவர்.) நாற்பத்தைந்து வயதுக்குமேல் நானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன். கற்றதை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே! எங்கள் கொரட்டூர் தெருவின் தலை கிடைத்தது.

கோடையில் எங்களுக்கு லாரித் தண்ணீர்தான். யாருக்கு வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் சொல்வார்கள். காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு நடுவில் அது காணாமல் போகும். எனவே ஒரு இணையச் செயலி எழுதினேன். வீட்டுக்கொரு பக்கம். அதைத் திறந்து ‘தண்ணீர் வேண்டும்’ என்ற பொத்தானை அழுத்தினால், லாரி ஓட்டும் காசியின் போனில் வீட்டு எண் போய் நிற்கும்.

எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று வழிகாட்டும் பகுதிக்கு ரவுட்டர் என்று பெயர். அது வீட்டு எண்ணை வெறும் எழுத்தாகவே எடுத்துத் தரும். நான் எழுதிய பக்கமோ கண்டிப்பாக எண்தான் வேண்டும் என்றது. உடனே ‘வகை பொருந்தவில்லை’ என்று திரை முழுக்கச் சிவப்பு நெளிகோடுகள். செயலி ஓடுவதற்கு முன்பே இப்படிப் பிழை சொல்வதுதான் நான் கற்ற நிரல்மொழியின் சிறப்பு. எனக்கோ வெள்ளைப் புடவையில் குழம்பு சிந்தியதுபோல் இருந்தது. கோடு ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. எப்படித் துடைப்பது என்றுதான் யோசித்தேன். வருவது எதுவானாலும் எண்ணாக மாற்று என்று ஒரு கட்டளை போட்டேன். சிவப்பு போயிற்று. என்ன சுத்தம்! என் வீட்டு எண் எட்டை வைத்துச் சோதித்தேன். பிரமாதம்.

எங்கள் தெருவில் வெறும் எண் உள்ள வீடு கிட்டத்தட்ட எங்களுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த மனைகள். 12ஏ, 12பி என்று ஆளுக்கொரு வால். (தினமும் அந்த வால்களைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன்.) வாலோடு வருவதை எண்ணாக மாற்றச் சொன்னால், ‘இது எண்ணே இல்லை’ என்று கணினி கைவிரிக்கும். அதை மூன்று ஆங்கில எழுத்தில் காட்டும்: NaN.

செயலி வந்த முதல் ஞாயிறு, எதிர்வீட்டுச் சுலோச்சனா அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. கோவில்பதாகையிலிருந்து சம்பந்தி வீட்டார் முதல்முறையாக விருந்துக்கு வருகிறார்கள். அக்கா காலையிலேயே பொத்தானை அழுத்திவிட்டார்; தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில் இன்னும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“ரேவதி, காசிக்கு ஒரு போன் போட்டுடட்டா? சமையல்காரரு மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறாரு.”

“போனெல்லாம் வேண்டாம்க்கா. ஒரே லோடு ரெண்டு தடவை பதிவாயிடும். சிஸ்டம் பார்த்துக்கும்.”

“சிஸ்டம் வந்து சாம்பார் வெக்குமாடி? சம்பந்திங்க முன்னாடி மானம் போயிடும்.”

“பாருங்களேன்” என்றேன், அவர் வீட்டுக் கூடத்தில் வளையல்களை நிறவாரியாக அடுக்கிக்கொண்டே.

சற்று நேரத்தில் வாசலில் கூச்சல். எட்டிப் பார்த்தால், சுலோச்சனா அக்கா விடிகாலையில் எழுந்து போட்ட கோலத்தை அடித்துக்கொண்டு தெருவில் தண்ணீர் ஓடுகிறது. புறப்பட்ட இடம் என் வீடு.

ஓடினேன். என் வீட்டு சம்ப் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முதல் லோடை இறக்கிவிட்டு, இரண்டாவதையும் கொண்டுவந்து குழாயைச் சொருகிக்கொண்டு நின்றான் காசி.

“நிறுத்துப்பா! இங்க யாரு தண்ணி கேட்டது?”

“இன்னாக்கா, நீதான கேட்ட? ரெண்டு லோடும் ‘நான்’ வூட்டுக்குன்னு போட்டுகீதே!”

போனை நீட்டினான். வீடு: NaN. வீடு: NaN. ஆங்கில எழுத்தில் தமிழ் படித்துப் பழகிய கண்ணுக்கு அது ‘நான்’தான்.

“நான்னா எந்த வீடுன்னு கேக்க மாட்டியா?”

“சாரைக் கேட்டேன்க்கா.”

என் கணவர் செய்தித்தாளோடு கேட் அருகில் நின்றார். “நான்னா யாரு சார்னு கேட்டான். காலங்காத்தால இதுக்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாதுப்பான்னு சொன்னேன்.”

“அப்பால நானே ரோசன பண்ணேன்” என்றான் காசி. “எழுதினது நீ. நீ ‘நான்’னு எழுதினா அது நீதானக்கா? வேற யாரு?”

பிறர் தர்க்கத்தில் ஓட்டை தேடியே சம்பளம் வாங்குகிறவள் நான். இதில் ஒன்றுகூட அகப்படவில்லை.

பின்னாலேயே சுலோச்சனா அக்கா வந்துவிட்டார். கோலத்தைப் பார்த்தார், சம்ப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்காரரிடம் திரும்பினார். “இன்னாத்துக்கு நின்னுகினு கீறீங்க? அண்டா, அடுப்பு எல்லாத்தையும் இந்தாண்ட தூக்கினு வாங்க. தண்ணி இருக்கிற எடத்துல சமைங்க!”

காசி மிச்சத் தண்ணீரோடு இரண்டாவது லோடு கேட்ட 14பி-க்குப் போனான். துளிப் புள்ளி பொறுக்காத என் கார் நிறுத்துமிடத்தில் சாம்பார் கொதித்தது, வடை பொரிந்தது, பந்தியும் நடந்தது. சம்பந்தி அம்மாள் ஈரத் தெருவைப் பார்த்துவிட்டு, “எங்க பக்கம் குடிக்கவே தண்ணி இல்ல. இங்க தெருவையே கழுவி விட்டிருக்காங்களே!” என்று வியந்தார். சுலோச்சனா அக்கா, “உங்களுக்கோசரந்தான்” என்று சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி முறைத்தார்.

அன்று மாலை செயலியின் பக்கத்தில் ‘எண்’ என்றிருந்த வகையை ‘எழுத்து’ என்று மாற்றினேன். ஒரு சொல். முதல் நாளே அந்தச் சிவப்புக் கோடு சொன்னதும் அதுதான்.

அதிலிருந்து எங்கள் தெருவில் யாரும் சும்மா ‘நான்’ என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைய முடியாது. அன்று வயிற்றிலிருந்த சுலோச்சனா அக்காவின் பேத்தி யாழினி இப்போது எல்கேஜி படிக்கிறாள். அவளுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. போன வாரம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“நான்தான்டி செல்லம்.”

கதவுக்குப் பின்னாலிருந்து, அதுதான் முறை என்பதுபோல், கொஞ்சமும் சிரிக்காமல் கேட்டாள்:

“எத்தினி லோடு?”