சபை வாசலில் விட்ட குடை

கிட்ட வந்து இருங்கோ. உரத்துச் சொல்லக்கூடிய கதையில்லை இது.

நல்லூரிலே தம்பிஐயா என்றொரு மனிசன். அவருடைய பெண்சாதி பூரணம், பெண்களுக்கும் வாக்கு வந்த புதிதிலே, அந்த வருச மாசியிலேதான் முதன்முதல் வாக்குப் போட்டவள். தன் ஆளுக்குரிய பச்சைப் பெட்டிக்குள்ளே வாக்குத் துண்டைப் போட்டுவிட்டு வந்த நாள் தொட்டு அவளுக்கு ஒரே ஆசை. தான் அனுப்பிய ஆள் போய் இருக்கிற அரசாங்க சபையை, கொழும்புக் கடற்கரையிலே, ஒருக்கால் கண்ணாலே பார்க்கவேணும்.

“உது பொம்பிளையள் போற இடமில்லை,” என்றார் தம்பிஐயா.

“துண்டு போடேக்கை அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“முதல் நான் போய்ப் பாத்திட்டு வாறன். பிறகு யோசிப்பம்.”

புதுக்குடையும் கட்டுச்சோறுமாய் ரெயில் ஏறினார். முன்னுக்கிருந்தவர் வாய் ஓயாமல் கதைத்தார். கொழும்பிலே ட்றாம் வண்டி ஆளைப் பார்த்து நிற்காதாம், வழி கேட்டால் தமிழ் விளங்காதாம். கேட்டுக்கொண்டிருந்த தம்பிஐயா குடையையும் கட்டுச்சோற்றையும் கையிலே எடுத்தார். கொஞ்சத் தூரத்திலேயே, சாவகச்சேரி ஸ்ரேசனிலே இறங்கினார். இறங்கினவர் ஏறவில்லை. அங்கே அவருடைய தங்கச்சி குணலட்சுமி வீடு. பனம்பழக் காலம். பனங்காய்ப் பணியாரம் தின்றுகொண்டு வெள்ளிக்கிழமை மட்டும் அங்கேயே கிடந்தார்.

திரும்பி வந்தபோது முற்றம் நிறையச் சனம்.

“மெய்யேப்பா, சபை எப்பிடி?” என்றாள் பூரணம்.

“என்னெண்டு சொல்ல. தூண் ஒவ்வொண்டும் எங்கடை கந்தசாமியார் தேரிலும் உயரம். செருப்பைக் கழட்டி, சால்வையை இடுப்பிலை கட்டி, கும்பிட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போனனான்.”

“குடை எங்கை?”

“வாசலிலை பொலிசுக்காரன் வாங்கி வைச்சவன். அது அரசாங்கச் சட்டம். வரேக்கை மறந்துபோனன்.”

அன்றைக்கே ஊர் அவருக்குக் கொழும்பர் என்று பேர் வைத்தது. கோயில் வீதியிலே எழும்பி இடம் கொடுத்தார்கள். இனி அந்த மரியாதை போனால் தலைகாட்ட ஏலாது.

விடியப் பூரணம் வேட்டியைத் தோய்க்க எடுத்தாள். கொழும்பாலே வருகிறவனுடைய வேட்டி கரிக்கோச்சி ரெயிலின் புகையிலே கறுத்துக் கிடக்கும். தோய்த்த தண்ணீர் மை போல ஓடும். இதிலே கரி ஒரு பொட்டும் இல்லை. மஞ்சளாய்ப் பனங்களிக் கறை. மணந்து பார்த்தாள்; மச்சாள் குணலட்சுமி சுடுகிற பணியாரத்தின் மணம். தோய்த்துக் காயப்போட்டாள்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு சொன்னாள்: “இஞ்சருங்கோ, பாவம் அந்தப் புதுக்குடை. போய் எடுத்துக்கொண்டு வருவம். பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்காவும் வாறா. வழி தெரிஞ்ச ஆள் நீங்கள் இருக்கிறியள்.”

“ஒரு குடைக்காக ஆரும் கொழும்புக்குப் போவினமே?”

“போகாட்டில், கொழும்பருக்குக் கொழும்பெண்டால் என்ன பயமெண்டு சனம் கேக்குமெல்லே.”

அடுத்த கிழமை தம்பிஐயா, பூரணம், இரத்தினம்மா மூவரும் ரெயில் ஏறினார்கள்.

ரெயில் சாவகச்சேரியிலே நின்றது. தம்பிஐயா வேப்பமரம் பார்க்கிற சாட்டிலே முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். குணலட்சுமி அவர்கள் இருந்த ரெயில் பெட்டிக்குள் ஏறினாள். உனக்கும் கொழும்பு காட்டுகிறோம் என்று பூரணம் ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

“இந்தாங்கோ அண்ணை, போன கிழமை எங்கடை வீட்டிலை விட்டிட்டுப் போன குடை.”

இரத்தினம்மா சேலைத் தலைப்பாலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூரணம் சிரிக்கவில்லை. “கொஞ்சம் எழும்புங்கோ,” என்றாள். அவர் எழும்பினார். தோளிலே கிடந்த சால்வையை எடுத்து அவர் இடுப்பிலே வடிவாய்க் கட்டிவிட்டாள். பிறகு சாவகச்சேரி ஸ்ரேசனைப் பார்த்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.