இடது பின் சக்கரம் பற்றி அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உன் மாப்பிள்ளை, குழந்தை மூவரும் நலம். நீ எங்களிடம் விட்டுவிட்டுப் போன காரும் மூன்று சக்கரம் வரை நலம். உன் நலமும் அண்ணியின் நலமும் அறிய ஆவல். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று நினைக்காதே. போனில் நான் "பின்னாடி ஒரு சத்தம்" என்று ஆரம்பிப்பதற்குள் "ஸ்போர்ட்ஸ் வண்டின்னா அப்படித்தான், சஸ்பென்ஷன் விறைப்பா இருக்கும்" என்று சொல்லி நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பார்.

சத்தம் கேட்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு 'டக்'. நேராகப் போனால் லேசான உறுமல், வலது பக்கம் திரும்பினால் அந்த உறுமல் கூடும், இடது பக்கம் திரும்பினால் அடங்கும். இதையெல்லாம் குழந்தையின் தடுப்பூசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். உன் மாப்பிள்ளைக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்கு அந்த வண்டியில் எஞ்சின் சத்தம் ஒன்றுதான் கேட்கும், அதையும் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு மாதிரி கேட்பார். முதலில் பால் புட்டி என்றார், எடுத்தேன். தள்ளுவண்டி என்றார், இறக்கினேன். கிலுகிலுப்பை, ஈரத்துணி டப்பா, குடை, கடைசியில் என் வளையல் வரைக்கும் கழட்டி வெச்சாச்சு, சத்தம் மட்டும் இறங்கவே மாட்டேன்னுது. ஒரு நாள் அவரை ஓட்டச் சொல்லிவிட்டு, குழந்தை சீட்டைக் கழட்டிவிட்டு அந்த ஒரு முழ இடத்தில் நான் மடங்கிப் படுத்து, காதைச் சக்கரத்துக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டு தெருவை நாலு சுற்று சுற்றினோம். மாடி வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "மயக்கமா? ஆஸ்பத்திரிக்கா?" என்று பதறிப்போய்க் கேட்டார். "இல்ல சார், சத்தம் கேக்குறாங்க" என்று இவர் சொன்னது அவரை இன்னும் பதற வைத்துவிட்டது.

உனக்குத் தெரியும், அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். காப்பகம் ஒரு மூலை, ஆபீஸ் ஒரு மூலை. நடுவில் லாரி ஓடும் பெரிய ரோடு. எட்டு மாதக் குழந்தையை இவருடைய பைக்கில் வைத்துக்கொண்டு போக முடியாது. உன் கார்தான் ஒரே வழி, அதில் குழந்தை சீட்டு மாட்டுவதற்கு இருக்கும் ஒரே இடமும் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. அதனால் இரண்டு பட்டறைக்குப் போனேன். முதல் பட்டறையில் லிஃப்டில் தூக்கினார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற நான், "ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?" என்று கேட்டேன். "நாலு சக்கரமும் காத்துல தொங்குது மேடம், எங்க உருளப்போகுது?" என்றார் மெக்கானிக். "இருந்தாலும் போடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கி, போட்டு, மறுபடி தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. டிக்கி பூட்டை முடுக்கி அனுப்பிவிட்டார். இரண்டாவது பட்டறையிலும் அதே ஹேண்ட் பிரேக், அதே கல். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். எட்டு மாசமா யாரும் என்கிட்ட கேட்காத கேள்வி. அழுகையே வந்துடுச்சு.

திரும்பி வரும்போது உன் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "சத்தம் வண்டில இல்லம்மா. திங்கட்கிழமைல இருக்கு." கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஏன் என்றால் எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து எனக்கு எல்லாமே கேட்கிறது. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்கிறது, தூங்குகிற குழந்தை மூச்சு விடுவது கேட்கிறது, ஒரு நொடி கேட்காவிட்டால் அது இன்னும் பலமாகக் கேட்கிறது. இத்தனையில் எது நிஜம், எது என் பயம் என்று எப்படிப் பிரிப்பது? படித்து வாங்கிய பட்டம் இதற்கு உதவவில்லை அண்ணா.

நேற்று டயர் கடைக்கு, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கப் போனோம். அங்கே மெஷினில் இருப்பது ஒரு அக்கா. வண்டியை உருட்டும்போது இடது பின் சக்கரத்துக்கு மட்டும் மெஷின் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் காட்டியது. அவர் கீழே குனிந்து ஒரு தடவை ஆட்டினார், நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தார். "ஹேண்ட் பிரேக் யாரு போட்டது?"

"நான்தான்க்கா. பாதுகாப்புக்கு."

"பிரேக் சக்கரத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்குது. அப்புறம் அது எப்படி ஆடும்? எடுத்துடுங்க."

எடுத்தேன். "இப்ப நீங்களே ஆட்டுங்க. ஒரு கை மேல, ஒரு கை கீழ." குழந்தையை இவரிடம் கொடுத்துவிட்டு ஆட்டினேன். டக். இன்னொரு தடவை, டக். என் கையிலேயே கேட்டது அண்ணா! "சக்கரத்தைத் தாங்குற பேரிங் போயிடுச்சு. இவ்ளோ நாள் எப்படி ஓட்டினீங்க?" என்றார். குழந்தையை வாங்கிக்கொண்டு நான் இவரைக் கூப்பிட்டேன். வந்து பிடித்து ஆட்டினார். முகம் வெளுத்துவிட்டது. "இது... ரெண்டு மாசமாவா?" என்றார். "மூணு," என்றேன். பிறகு அவர் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, வெகுநேரம் தரவே இல்லை.

யோசித்துப் பார்த்தேன். சத்தத்தைக் கேட்டதும் என் பயம்தான், இரண்டு பட்டறையிலும் அதை ஒளித்து வைத்ததும் என் பயம்தான். இன்னொன்றையும் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தச் சக்கரம் ஆடியபோது எனக்கு வந்தது சந்தோஷம். நான் சொன்னது நிஜம் என்பதற்காக மட்டும் இல்லை. இனிமே வேலைக்குப் போகாம இருக்க ஒரு நல்ல காரணம் கிடைச்சுடுச்சேன்னு.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளை பேரிங் மாற்றுகிறார்கள். உங்கள் புது வீட்டில் பார்க்கிங் கிடைத்துவிட்டதாக அண்ணி நாலு தடவை சொல்லிவிட்டார், தயவுசெய்து இந்த வாரமே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ. ராஜினாமா கடிதமும் எழுதிவிட்டேன். யாரும் என் மனதை மாற்ற வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தை உன் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறான், வண்டிக்குச் சொந்தக்காரன் நீதான் என்று தெரிந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: இதை ஒட்டாமல் பையிலேயே வைத்துவிட்டேன். இன்று திங்கட்கிழமை. ராஜினாமாவை நேரில் கொடுப்பதுதான் மரியாதை என்று, குழந்தையைக் காப்பகத்தில் விட்டேன். அழவில்லை, அவன். அங்கிருந்து பெரிய ரோடு இன்று அதிசயமாகக் காலியாக இருந்தது. உறுமல் இல்லை, டக் இல்லை. நாலாவது கியர் போட்டேன். அண்ணா, இந்த வண்டி இப்படியெல்லாம் போகும் என்று நீ ஏன் சொல்லவே இல்லை? ஆபீஸ் திருப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். என் நாற்காலியை யாரோ உயரம் மாற்றி வைத்திருந்தார்கள், அதைச் சரிசெய்து, குவிந்திருந்த வேலையைப் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கொடுக்க மறந்துவிட்டேன். நாளைக்கும் மறப்பேன் என்று நினைக்கிறேன். வண்டி எடுக்க வரவேண்டாம். சக்கரம் இன்னும் சரியாகலைன்னு அண்ணிகிட்ட சொல்லிடு.